பன்னிரண்டு உடுப்புகளைப் பழசாக்கினோம்

1

இன்று காலை யாழினிக்கு ஒரு வயதுத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். அயர்லாந்தின் தென்கோடியில், ஒரு பால்பவுடர் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர் எங்களுடையது. நான் அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மனைவி கவிதா முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊருக்கு ஒரே கிளினிக். காத்திருக்கும் அறையில் ஏழெட்டு நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி, மீன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கைதட்டுகிற எங்கள் மகள்.

எதிர் நாற்காலியில் ஓர் இளம்பெண் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். மேலே போர்த்தியிருந்த கம்பளியை விலக்கினாள். உள்ளே மஞ்சள் உடுப்பு. நெஞ்சின் மேல் மூன்று வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

கவிதா என் முழங்கையைப் பிடித்தாள். எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த உடுப்பு எங்கள் வீட்டு பீரோ மேல் மூன்று வருடம் பெட்டிக்குள் இருந்தது.

இதைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. நினைத்து, பேனாவை மூடி வைத்ததும் உண்டு. இன்று கிளினிக்கில் கவிதா சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

நான் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்காரன். ஏற்காடு என்றால் மற்றவர்களுக்கு ஏரியும் படகும். எங்களுக்குக் காயாத துணி. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட சட்டை மூன்றாம் நாளும் நசநசவென்று இருக்கும். குழந்தைத் துணியை மட்டும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவார்கள். அதனால் எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த எங்கள் எல்லோர் மேலும் சின்ன வயதில் விறகுப் புகை வாசம் வீசும். கீழே சேலத்தில் பிறந்து வளர்ந்த கவிதா, கல்யாணமான புதிதில் என் ஸ்வெட்டரை மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களை யாராச்சும் சுட்டு எடுத்தாங்களா?" என்று கேட்டவள்.

துணி காயாத ஊரில் பிறந்துவிட்டு, தேடித் தேடி இன்னொரு துணி காயாத நாட்டுக்கே பிழைக்க வந்தேன். தலையெழுத்தைக் கொடியில் போட்டும் காயவைக்க முடியாது போலிருக்கிறது.

எங்கள் லைனில் குழந்தைத் துணிக்கு ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். ஒரு குல்லா கூட வீட்டுக்குள் வராது. பிறந்த பிறகு, பதினாறு நாள் வரைக்கும் பழைய துணிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கிழித்து இடுப்புக்குக் கட்டுவார்கள். மேலுக்கு, நன்றாக வளர்ந்த பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பழைய ஜப்லா வாங்கி வருவார்கள். பட்டன் கிடையாது, முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற சின்னச் சட்டை. குழந்தை ஒல்லியோ குண்டோ, நாடாவை இழுத்தோ தளர்த்தியோ கட்டிக்கொள்ளலாம். வாங்கி வருவது குழந்தையின் அத்தை வேலை. திருப்பித் தரும்போது துவைத்து, கூட இன்னொரு சட்டை சேர்த்துத்தான் தர வேண்டும். இப்படியாக லைனில் எந்த வீட்டிலும் குழந்தைத் துணிக்குப் பஞ்சம் வந்ததில்லை. யாரும் கடைக்குப் போய் அளவு தெரியாமல் முழித்ததும் இல்லை.

என் பிள்ளைக்கு அத்தை என்றால் அது சரோஜா அக்காதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறாள். மாமா ஷேர் ஜீப் ஓட்டுகிறார். மகன் பிரகாஷ். அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அக்காவின் போன் நம்பர்தான்.

3

வழக்கம் தெரிந்தவர்கள்தான் நாங்கள். தெரிந்தேதான் மீறினோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கவிதா முதல் முறை உண்டாகியிருந்தாள். இந்த நாட்டில் ஸ்கேன் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் அது குற்றம் என்பதால், ஸ்கேன் எடுத்த அம்மாள் "பெண்" என்று சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம். போலீஸ் யாரும் வரவில்லை. வெளியே வந்ததும் நேராகக் கடைக்குத்தான் போனோம். தள்ளுபடி விற்பனை வேறு நடந்துகொண்டிருந்தது. கண் முன்னால் தள்ளுபடியை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்ற சேலத்துக்காரி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குழந்தைத் துணி எடுப்பதில் கவிதா கெட்டிக்காரி. நான் லேஸ் வைத்த கவுன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இதைப் போட்டுட்டுப் புள்ளை எந்த ஆபீசுக்குப் போவுது?" என்று திருப்பி மாட்டச் சொன்னாள். அவள் எடுத்தவை கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் ஒரே துணியில் தைத்த பனியன் உடுப்புகள். இங்கே பேபிகுரோ என்பார்கள். முன்பக்கம் முழுக்க டிச் பட்டன். தலை வழியாக மாட்ட வேண்டாம், காலுறை தனியாகத் தேட வேண்டாம், வெந்நீரில் போட்டாலும் சாயம் போகாது. இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் வேண்டாம் என்று பாதிக்கு மேல் மஞ்சளாகவே எடுத்தாள். கேட்டதற்கு, "எண்ணெய்க் கறையும் மத்த கறையும் மஞ்சள்ல தெரியாதுங்க" என்றாள். மொத்தம் பன்னிரண்டு. வாத்து போட்டது அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் விரித்து, போட்டோ எடுத்து, அக்காவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். அக்கா பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. மலையில் சிக்னல் அப்படித்தான் என்று நான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஏழாம் மாதத்தில், எங்கள் பெண் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனாள்.

இதற்கு மேல் அதை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கவிதா அந்தப் பன்னிரண்டையும் மடித்து, விலைச்சீட்டு கிழிக்காமல், ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, என்னைக் கூப்பிட்டு பீரோ மேலே ஏற்றச் சொன்னாள். அக்காவின் அந்தப் பதில் இல்லாத நீல டிக் மட்டும் அவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, நாம்தான் அவசரப்பட்டோம் என்று ஒருமுறை சொன்னாள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். நம்பவில்லை என்று அவளிடம் சத்தமாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

4

இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடியும் உண்டானாள். அப்போதுதான் இந்த நாட்டின் காகிதங்களோடு எங்களுக்குப் பிணக்கு வந்தது.

இங்கே ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு புதிய ஆள். எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்கிற முதல் கேள்வி, "முதல் குழந்தையா?" எல்லா விவரமும் அவர்கள் கையில் இருக்கிற ஃபைலிலேயே இருக்கிறது. ஆனாலும் வாயால் கேட்பார்கள். கவிதா ஒவ்வொரு முறையும் "ஆமாம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அந்த ஆமாம் ஒவ்வொன்றையும் எச்சில் விழுங்குவதுபோல விழுங்கிக்கொண்டேன். அவள் வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் கேட்டவர் முகம் மாறும், அவருக்கு இவள் ஆறுதல் சொல்ல வேண்டி வரும்.

ஏழாம் மாதம் தாண்டியதும் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு வரும்போது பையில் கொண்டுவர வேண்டியவை. உள்பனியன் ஆறு, பேபிகுரோ ஆறு, தொப்பி இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று. புதுத்துணியாக இருந்தால் ஒன்றிரண்டு முறை துவைத்து மென்மையாக்கவும் என்று கீழே குறிப்பு வேறு. நான் அதை உரக்கப் படித்தேன். "பாத்தியா, இவங்களும் பழசாக்கிட்டுத்தான் போடச் சொல்றாங்க. நம்ம லைன் வழக்கம்தான்" என்றேன்.

கவிதா சிரிக்கவில்லை. "புள்ளை கைக்கு வந்தப்பறம் வாங்கிக்கலாங்க" என்றாள்.

"பையைக் கட்டி வெக்கச் சொல்றாங்களே."

"வெறும் பையைக் கட்டி வெச்சுக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே செய்தாள். தனக்கு வேண்டியதையெல்லாம் வைத்துவிட்டு, குழந்தைக்கான பாதியைக் காலியாக விட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அடுத்த முறை போனபோது ஓர் உயரமான மருத்துவச்சி பையைப் பற்றி விசாரித்தார். தயார் என்று கவிதா சொன்னாள். அது பொய்யில்லை, பை தயார்தான்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். காப்பிக் காட்டில் நின்றுகொண்டு பேசினாள்.

"உடு சாமி, அவ மேல தப்பு சொல்லாத" என்றாள். "நான் அனுப்பி வெக்கறேன். நம்ம பிரகாசு போட்ட ஜப்லா மூணு இருக்குது. அப்பாவோட வேட்டி ஒண்ணு பத்திரமா வெச்சிருக்கறேன். குல்லாவும் இருக்குது. அத்தை ஊட்டுத் துணி வந்தாப் பையில வெச்சுக்குவா இல்ல? அது புதுசு இல்லையே."

"அங்கிருந்து இங்க வர நொம்ப நாள் ஆகுமே அக்கா."

"ஆவட்டும். மழ பேஞ்சா உனக்குத் துணி காயாது, அதையும் அவகிட்டச் சொல்லு. கனமா ஒண்ணு எடுக்கற காசுல மெல்லிசா மூணு எடுக்கோணும். ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டாக் குளுரு தெரியாது. காயறதும் வெரசாக் காயும்."

இந்த நாட்டில் ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் கொடுத்தார்கள், எடைக்குப் போட்டு விற்கலாம், அவ்வளவு கனம். அதில் இருபது பக்கத்தில் சொன்னதும் இதைத்தான்.

கவிதாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வைத்தே வீட்டு விளக்கை அணைத்திருக்கலாம். "அண்ணி அனுப்பினாங்கன்னா வெச்சுக்கிறேன்" என்றாள்.

5

அக்கா அனுப்பினாள். ஏற்காடு தபால் ஆபீசில் இரண்டு மணி நேரம் நின்றாளாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்குப் பழைய துணி என்றாளாம். என்ன மதிப்பு போடுவது என்றதற்கு, "அதுக்கெல்லாம் மதிப்புப் போட முடியாதுங்க" என்று சொல்லி, கவுன்டரில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் தவிக்க விட்டிருக்கிறாள்.

ஆனால் அக்கா அக்காதான். துணி மட்டும் அனுப்பினால் அவளுக்குத் திருப்தி வருமா? பிறந்த பிள்ளைக்குக் கையில் கட்டுவதற்கென்று வசம்பு வளையல் ஒன்று கோத்து, குல்லாவுக்குள் சுருட்டி வைத்துவிட்டாள். பார்சலில் ஒட்டுகிற சீட்டில் அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று பிறகு கேட்டேன். "அந்திசாயற நேரம். அதோட பேரைச் சொல்லலாமா?" என்றாள். ஊர்க்காரர்களுக்குப் புரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் அதைப் பேர் சொல்லாதது என்றுதான் சொல்வோம். அயர்லாந்துச் சுங்க இலாகாவுக்கு இது தெரிய நியாயமில்லை.

ஒரு கடிதம் வந்தது. உங்கள் பார்சலில் அறிவிக்கப்படாத வேர் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் என்ன, எதற்குப் பயன்படுகிறது, உண்ணத்தக்கதா, நட்டால் முளைக்குமா, மண் ஒட்டியிருக்கிறதா? பதில் வரும்வரை பார்சல் நிறுத்தி வைக்கப்படும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். சாயங்காலம் மணி ஆறு. கவிதா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேரை எழுதாதீங்க."

"பேரைத்தான் கேக்கறாங்க."

"காலைல எழுதுங்க. ஒரு ராத்திரியில பார்சல் ஓடிப்போயிராது."

மறுநாள் காலையில் எழுதினேன். பயன் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, குழந்தைக்கு அணிவிக்கும் ஆபரணம் என்று போட்டேன். ஒரு வாரம் கழித்து இரண்டாவது கடிதம். வேரை அழித்துவிட்டு மீதியை அனுப்பலாம், அல்லது மொத்தத்தையும் இந்தியாவுக்கே திருப்பலாம், எது சம்மதம்? வேரை அழித்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். கவிதாவுக்குக் கொடுத்திருந்த தேதிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

6

யாழினிக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது. மூன்று நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறந்துவிட்டாள்.

உயிரோடு பிறந்தாள். ஓங்கி அழுதுகொண்டு பிறந்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆள் சின்னவள்தான், இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிக் கவிதாவின் நெஞ்சில் போட்டார்கள்.

அதே உயரமான மருத்துவச்சி எங்கள் பையைத் திறந்தார். ஒரு பக்கம் கவிதாவின் நைட்டிகள். மறுபக்கம் ஒன்றுமில்லை. அடியில் கை விட்டுத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு ஸ்லேட்டு கொண்டுபோகாதவன் போல நின்றேன்.

"சின்னக் குழந்தை, சூடு போய்விடக் கூடாது. உடனே ஏதாவது போட வேண்டும். வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

வீட்டில் இருந்தது. கடை வரைக்கும் கூடப் போக வேண்டாம். கவிதா பக்கம் குனிந்து, "பீரோ மேல இருக்கறத எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

"வேண்டாங்க" என்றாள். "அது அவளுது."

அவளுக்குக் கோபமில்லை. அவள் மூத்தவள், இவள் இளையவள் என்று இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நியாயம் பார்க்கிற தாயின் குரல்தான் அது. இருபது நிமிட தூரத்தில் கடை, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள், போய்ப் புதிதாக வாங்கி வந்து துவைக்காமல் போடுவதா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவச்சி எங்களை ஒரு நொடி பார்த்தார். பிறகு மூலையில் இருந்த அலமாரிக்குப் போய் ஒரு இழுப்பறையைத் திறந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் வெளிறிப்போன ஒரு பச்சை உடுப்பும் ஒரு பின்னல் தொப்பியும் இருந்தன. மணிக்கட்டுப் பக்கம் நூல் பிரிந்து, யாரோ மறுபடியும் தைத்திருந்தார்கள்.

"மன்னிக்க வேண்டும்" என்றார், உண்மையாகவே சங்கடப்பட்டுக்கொண்டு. "இது புதிதல்ல. அவசரமாக வருகிறவர்களுக்காக இங்கே பிரசவித்துப் போன தாய்மார்கள் விட்டுவிட்டுப் போனது. சுத்தமாகத் துவைத்ததுதான்."

கவிதா எழுந்து உட்காரப் பார்த்தாள். "பழசா? எத்தனை குழந்தைகள் போட்டது?"

"கணக்குத் தெரியாது. நான் வந்ததிலிருந்து இருக்கிறது. நிறையப் பேர் இதில்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

என்ன கேள்வி இது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். "எல்லாரும் இப்போது பள்ளிக்கூடத்தில் ரகளை பண்ணிக்கொண்டிருப்பார்கள்" என்றார்.

கவிதா அந்த உடுப்பை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மருத்துவச்சி பதறிப்போனார். பழைய துணியைக் கொடுத்து அவமானப்படுத்திவிட்டோம் என்று நினைத்து, வேறு நல்லதாகத் தேடுகிறேன் என்று திரும்பினார். நான் குறுக்கே கை நீட்டி நிறுத்தினேன். எங்கள் ஊர் வழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்ல அப்போது எனக்கு நாக்கு புரளவில்லை. "இல்லை, இல்லை, இதுதான் சரி, இதுதான் வேண்டும்" என்று மட்டும் நாலு முறை சொன்னேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால், எங்கள் மஞ்சக்குட்டை லைன் ஒரு இழுப்பறைக்குள் இருந்தது என்று அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது?

யாழினி அந்தப் பச்சை உடுப்பில்தான் வீட்டுக்கு வந்தாள்.

7

அக்காவின் பார்சல் மூன்று வாரம் கழித்து வந்தது. குல்லாவுக்குள் வளையல் இருந்த இடத்தில் ஒரு சுங்கச் சீட்டு. பெட்டியைத் திறந்ததும் விறகுப் புகை வாசம் கூடம் முழுக்க வந்தது. கவிதா ஜப்லாவைத் துவைக்காமல் அரை நாள் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டு, யாழினிக்கு அதைப் போட்டுக் காட்டினாள். உள்ளே ஒரு பனியன், மேலே ஜப்லா, தலையில் பிரகாஷ் போட்ட குல்லா. அக்கா அழவில்லை. "நாடாவ இறுக்கிக் கட்டாத கண்ணு, பால் குடிச்சா வவுறு உப்பும்" என்றாள்.

பேச்சு முடிகிற நேரத்தில் கவிதா கேட்டாள். மூன்று வருடமாகக் கேட்காத கேள்வி.

"அண்ணி, அன்னைக்குப் புதுத்துணி போட்டோ அனுப்புனேனே. நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"



"என்னத்தச் சொல்றது கண்ணு. அத்தனையும் அழகா இருந்துச்சு. அந்த வாத்துப் போட்டதத் தொட்டுத் தொட்டுப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தேன். அப்பறம் வேலைக்கு ஜீப் வந்துருச்சு, போயிட்டேன்."

"நான் அதனாலதான்னு நெனச்சேன்."

"எதனால?"

கவிதா யாழினியின் குல்லாவை இழுத்துச் சரிசெய்தாள். அக்காவுக்கே புரிந்தது.

"இங்க பாரு கவிதா. பிரகாசுக்கு முன்னால எனக்கு ஒண்ணு போச்சு. தம்பிக்குத் தெரியாது, அவன் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தான். நான் ஒரு நூல் புதுசு எடுக்கல. கிளியூர்ல எங்க சின்னம்மா ஊட்டுப் பழந்துணிதான் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். எல்லாம் மொறப்படிதான் பண்ணுனேன். போறது போயிருச்சு. துணியால யாரும் போறதுமில்ல, துணியால யாரும் நிக்கறதுமில்ல."

"அப்பறம் எதுக்கு அண்ணி இந்த வழக்கம்?"

"புதுத்துணி புள்ளைக்கு உறுத்தும். பழசு உறுத்தாது. அவ்வளவுதான். வேற என்னமோன்னு நெனச்சுட்டு இத்தன வருசம் மனசுல வெச்சிருந்தியா? என்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல, மடச்சி."

கவிதா போனைக் கீழே வைத்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்கு இப்படி ஒன்று நடந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. என் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு பித்தான் தைத்துக் கொடுத்த அக்காவின் மடியில் வேறு என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அன்று சாயங்காலம் கவிதா பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"அந்தப் பச்சைத் துணியத் திருப்பிக் குடுக்கணும். கூட வெக்கணும் இல்லீங்களா?" என்றாள். "வழக்கப்படி ஒண்ணு. நான் எல்லாத்தையும் வெக்கறேன்."

"புதுசால்ல இருக்கு அதெல்லாம்."

"அதான். பழசாக்கிக் குடுக்கணும்."

பன்னிரண்டு உடுப்பு, பன்னிரண்டு நாள். முந்தைய நாளே ஒன்றின் விலைச்சீட்டைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர் மேல் உலர்த்தியிருப்பாள், காலையில் குளிப்பாட்டியதும் யாழினிக்குப் போடுவாள். ஆரம்பத்தில் கை காலெல்லாம் துணிக்குள் எங்கேயோ இருந்தன. யாழினியும் தன் பங்குக்குச் சளைக்கவில்லை. பால் கக்குவது முதற்கொண்டு தன்னால் ஆன எல்லா வழியிலும் பழசாக்கிக் கொடுத்தாள். மஞ்சள் துணியில் கறை தெரியாது என்று கவிதா சொன்னது சரிதான். வாத்து உடுப்பில் மட்டும் மேலிருந்து மூன்றாவது டிச் பட்டன் முரண்டு பிடித்தது. அடியில் கட்டை விரலைக் கொடுத்து, கீழிருந்து மேலே அழுத்தினால்தான் மாட்டும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு காலை முழுக்க ஆனது.

அக்காவிடம் சொன்னேன். "அக்கா போட வேண்டியதத் தங்கச்சி போட்டுப் பழசாக்கிக் குடுக்கறா. நல்லதுதான் சாமி" என்றாள். "என்னோட ஜப்லாவுக்கு அவசரமில்ல. மொதல்ல ஆஸ்பத்திரிக்காரங்களுதக் குடுத்து முடி."

ஒரு வியாழக்கிழமை பதின்மூன்று உடுப்பையும் அந்தப் பின்னல் தொப்பியையும் மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். உயரமான மருத்துவச்சிதான் வாங்கினார். இவ்வளவா என்று கேட்டார். கவிதா இழுப்பறையை அவளே திறந்து அடுக்கிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள். அவள் தானாகப் பசிக்கிறது என்று சொல்லி எவ்வளவு நாள் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

8

இதெல்லாம் நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுதான் அந்த வாத்துகளைப் பார்க்கிறோம். எத்தனை பேரிடம் போய் வந்ததோ, மஞ்சள் நன்றாக வெளிறியிருந்தது. நடு வாத்துக்குக் கண் அழிந்திருந்தது. மணக்க மணக்கப் பழசாகியிருந்தது என்று சொல்வேன்.

அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அலறல். தாய் அதை மடியில் கிடத்தி உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பட்டன் மாட்டின. மூன்றாவது வரவில்லை. அவள் அழுத்துகிறாள், குழந்தை உதைக்கிறது, அவள் கண்ணும் கலங்கிவிட்டது. புதிதாகத் தாயானவர்களுக்கு ஒரு பட்டன் போதும், உட்கார்ந்து அழுவதற்கு.

கவிதா யாழினியை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள். "நான் போடலாமா?" என்று கேட்டாள். அடியில் கட்டை விரலைக் கொடுத்து மேலே அழுத்தினாள். மாட்டிக்கொண்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு என் தோளில் இருந்த யாழினியைப் பார்த்தாள். "இவள் போட்டிருந்தாளா? இவள்தான் முதல் குழந்தையா?"

அந்தக் கேள்வி. நான் வழக்கம்போல எச்சில் விழுங்கத் தயாரானேன்.

"இல்லை" என்றாள் கவிதா. "இவள் இரண்டாவது. அது எங்கள் மூத்தவளுக்கு வாங்கினது."

"மூத்தவளுக்கு இப்போது எத்தனை வயது?"

"இருந்திருந்தால் மார்கழிக்கு நாலு" என்று சொல்ல வந்து, ஆங்கிலத்தில் மார்கழி இல்லாததால், "டிசம்பரில் நாலு ஆகியிருக்கும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. மன்னிக்கவும் என்றோ ஐயோ என்றோ அவள் சொல்லவில்லை. குனிந்து குழந்தையின் நெஞ்சில் இருந்த வாத்துகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு, இன்னும் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையை அப்படியே தூக்கிக் கவிதாவின் கையில் கொடுத்தாள். கவிதா வாங்கிக்கொண்டாள்.